ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர்

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. நாகர்கோவிலில் இருப்பவர்கள் ரயிலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிக் கிழக்கே திருநெல்வேலிக்குப் போக வேண்டும்; இல்லாவிட்டால் மேற்கே களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். ஆனாலும் எங்கள் வீட்டில் நெல் போடும் அறையில் ஆறு வருடமாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வருடத்தில் இரண்டு தடவை, புரட்டாசியில் கன்னிப்பூ அறுப்புக்கும் மாசியில் கும்பப்பூ அறுப்புக்கும், தண்டவாளத்தைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டு அறையை நெல்லுக்கு விட்டுக்கொடுப்போம். நெல் தீர்ந்து தரை தெரிந்ததும் மறுபடி பூட்டுவோம்.

ரயில்காரர்கள் நாங்கள் மூன்று பேர். ஒருவர், கோட்டாற்றில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த காக்கா. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எங்களுக்கு உறவில்லை, ஊரே அவரைக் காக்கா என்று அழைத்ததால் நாங்களும் அப்படியே அழைத்தோம். இரண்டாமவர் என் அண்ணன். பள்ளிக்கூடத்தில் மரவேலை ஆசிரியர். மூன்றாவது, அவன் தங்கை நான். திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் வரைபடப் பயிற்சி முடித்துவிட்டு, மராமத்து அலுவலகத்தில் கால்வாய், மதகு, பாலம் ஆகியவற்றின் படங்களை டிரேசிங் துணியில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வரைந்ததைப் பிசகில்லாமல் மறுபடி வரைவதே என் வேலை.

எங்கள் எஞ்சின் தகரத்தில் செய்தது, சாவி கொடுத்தால் ஓடுவது, நாலு சக்கரம். கொழும்பில் கடை வைத்திருந்த காக்காவின் மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. அது எந்த ஊர் எஞ்சினையும் போல இருக்காது. குழந்தைகளுக்காகச் செய்த சாமான் என்பதால் அதன் உருவத்தைப் பற்றி நாங்கள் கேள்வி கேட்கவில்லை. எங்கள் எதிர்பார்ப்பெல்லாம் அடுத்து வரப்போகும் எஞ்சினின் மேல் இருந்தது.

அந்த எஞ்சினைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனி வருடம் ஒருமுறை விலைப்பட்டியல் புத்தகம் போடும். மச்சான் அதைக் கொழும்பிலிருந்து அனுப்பிவைப்பார். அது வந்த ஞாயிற்றுக்கிழமை காக்கா கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் நோட்டுப் புத்தகத்தில் வருடா வருடம் ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பேன், இந்த முறை என்னென்ன வர வேண்டும் என்று: முன்னால் நாலு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம் உள்ள எஞ்சின், பின்னோக்கியும் ஓட ஒரு நெம்புகோல், கரி வண்டி தனியாக. சுருக்கமாகச் சொன்னால், திருவனந்தபுரத்து மெயில் வண்டியை இழுக்கும் எஞ்சின். மூன்று வருடம் அந்தப் பட்டியலில் எதையும் அடிக்க வேண்டி வரவில்லை. ஒரு வருடம் "விரைவில்" என்று ஒரு படம் போட்டார்கள். அடுத்த வருடம் அதே படத்தின் மேல் "தாமதமாகிறது" என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது.

இதற்கிடையில் அண்ணன் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தான். எஞ்சின் வரும்போது அதன் பின்னால் இழுக்க ஏதாவது வேண்டுமே. தேயிலைப் பெட்டிப் பலகையில் சுவர், மண்ணெண்ணெய்த் தகரத்தில் கூரை, வடசேரிக் கன்னானிடம் கடைந்து வாங்கிய பித்தளைச் சக்கரம். ஒரு பெட்டிக்கு மூன்று நாலு மாதம் ஆகும். ஜன்னல் பலகைகள் மேலும் கீழும் நகரும். மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில் சட்டம் சட்டமாக இடைவெளி இருக்கும். இரண்டு வருடத்தில் ஏழு பெட்டி முடித்தான்.

அந்த ஏழு பெட்டிகளும் என் அளவை நம்பிச் செய்யப்பட்டவை. திருவனந்தபுரத்தில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷனுக்குப் போய், ஓரமாக நிற்கும் ஒரு பெட்டியை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டு வந்திருந்தேன். தண்டவாளத்தின் இடைவெளியையும் அளந்தேன்: மூன்றடி மூன்றங்குலத்துக்குச் சற்று அதிகம். நெல் அறையின் தண்டவாளத்து இடைவெளி ஒன்றேகால் அங்குலம். அதை இதால் வகுத்தேன். முப்பத்தொன்றரையில் ஒரு பங்கு என்று வந்தது. எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வரைந்து அண்ணனிடம் கொடுத்தேன். கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை.

நாலாவது வருடம் புத்தகம் வந்தபோது பதினேழாம் பக்கத்தில் எங்கள் எஞ்சின் இருந்தது.

காக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிகாரத்துக்கு வைக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். "எண்ணிக்கோ மக்கா. முன்னால நாலு, நடுவுல ஆறு. நம்ம மெயிலாக்கும்."

"படம் வரைஞ்சு போட்டிருக்கான் காக்கா," என்றான் அண்ணன். "போட்டோ இல்ல. முன்னேயும் இப்படித்தான் ஏமாத்தினான்."

"முன்ன விலை போடல்ல. இப்ப விலை போட்டிருக்கான். விலை போட்டா சாமான் உண்டும்."

மைனி, அதாவது அண்ணன் மனைவி, முறத்தோடு வாசலில் நின்றாள். "மூணு பேரும் இருக்க இருப்பப் பாத்தா மாப்பிள வீட்டுக் கடுதாசி வந்தது மாதிரில்லா இருக்கு. எப்பம் பெண் பாக்க வாறாவளாம்?"

"கார்த்திகை கழியும்," என்றார் காக்கா, தலையை நிமிர்த்தாமலே.

படத்துக்குக் கீழே முதல் முறையாக ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். இந்த எஞ்சின் உண்மையான எஞ்சினின் சரியான விகிதத்தில் செய்யப்பட்டது, ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் வீதம் என்று. நான் பென்சிலை எடுத்தேன். ஒன்றேகால் அங்குலம் என்பது முப்பத்திரண்டு மில்லிமீட்டர். ஏழால் வகுத்தால் நாலரை அடிக்குச் சற்று மேல். எங்கள் பாதை மூன்றேகால் அடி. மதராஸிலிருந்து வடக்கே போகும் அகலப் பாதை ஐந்தரை அடி என்று அண்ணன் படித்திருந்தான். நாலரை அடியில் ஒரு ரயில் பாதை இருப்பதாக எங்கள் மூவரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அச்சுப்பிழை," என்றேன்.

"எவ்வளவுன்னு இருக்கணும்?" என்று கேட்டான் அண்ணன்.

"ஒம்பதே முக்கால்."

"ஏழு எங்க, ஒம்பதே முக்கால் எங்க. அச்சுக்கோக்கவன் தூங்கிட்டானா?"

"எழுதிச் சொல்லணும்," என்றார் காக்கா. "பாவம், ஊரெல்லாம் தப்பாப் போயிருக்கும். நல்ல விதமா எழுது தங்கச்சி. சண்டை போடுத மாதிரி வேண்டாம்."

நான் நல்ல விதமாகவே எழுதினேன். உங்கள் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தில் சிறு பிழை நேர்ந்திருக்கிறது, சரியான எண் இன்னது, அதற்கான கணக்கைக் கீழே கொடுத்திருக்கிறேன் என்று ஒரு பக்கம். அண்ணன் இங்கிலீஷைத் திருத்தினான். இந்த எஞ்சினை விரும்பி வாங்க இங்கே பலர் இருக்கிறார்கள் என்று கடைசியில் சேர்க்கச் சொன்னார் காக்கா.

"மூணு பேருதானே காக்கா?"

"மூணு பேருக்குப் பலர்னு பேரு. ஒண்ணும் பொய்யில்ல."

ஆர்டரையும் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு மச்சானுக்கு அனுப்பினோம்.

பார்சல் வந்தது தை மாதத்தில். கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, மச்சானின் ஆள் ஒருவர் பஸ்ஸில் கொண்டுவந்தார். திருவிதாங்கூர் எல்லையில், ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் அதிகாரி பெட்டியைப் பிரித்து, சாவி கொடுத்து மேசையில் ஓடவிட்டுப் பார்த்தபிறகே விட்டாராம். அதைக் கேட்டுக் காக்காவுக்கு வருத்தம், முதல் சாவியைத் தான் கொடுக்க முடியாமல் போய்விட்டதே என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்தோம். நல்ல வேலைப்பாடு. கரும்பச்சை நிறம், மயிரிழை போல வெள்ளைக் கோடு, புகைக்குழாய்க்குப் பித்தளை வளையம். சக்கரங்களை இணைக்கும் தண்டு ஒவ்வொன்றும் தனியாக அசைந்தது. காக்கா அதைக் காதருகே வைத்துச் சாவியை அரைச் சுற்றுத் திருப்பிக் கேட்டார். "சத்தமே இல்ல," என்றார். பிறகு தண்டவாளத்தில் வைத்தார். சரியாக உட்கார்ந்தது. அண்ணன் முதல் பெட்டியைக் கொண்டுவந்து பின்னால் மாட்டினான்.

பெட்டியின் கூரை எஞ்சினின் புகைக்குழாயை விட இரண்டு விரற்கடை உயரமாக நின்றது. பக்கங்களில் அரை அங்குலம் அரை அங்குலமாகப் பிதுங்கியது. எஞ்சின் ஓட்டுபவன் நிற்கும் இடம் பெட்டியின் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அண்ணன் மற்ற ஆறையும் மாட்டினான், அதனால் ஏதாவது மாறும் என்பது போல.

மைனிதான் பேசினாள். "ஆட்டுக்குட்டியக் கெட்டித் தேரு இழுக்கீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதோ சொல்லுவேன் என்று காத்திருந்தான். இரண்டு வருடமாக அளவைப் பற்றி எது கேட்டாலும் நான் உடனே பதில் சொல்லியிருக்கிறேன். அன்று எஞ்சின் வந்த பெட்டிக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கிளறினேன்.

பெட்டியின் அடியில் திணித்திருந்த காகிதத்துக்குள் ஓர் உறை இருந்தது. கம்பெனியின் பதில். டைப் அடித்த ஏழெட்டு வரி, மரியாதையாக. எங்கள் கடிதத்தைக் கவனமாகப் படித்ததாகவும், கணக்கு மிகத் தெளிவாக இருந்ததாகவும், ஆனால் தங்கள் நாட்டில் தண்டவாளங்களுக்கு இடையே நாலடி எட்டரை அங்குலம் என்றும் எழுதியிருந்தார்கள். நாங்கள் குறிப்பிடும் பாதை மீட்டர் பாதையாக இருக்கலாம். அந்த விகிதத்தில் எஞ்சின் எதுவும் தாங்கள் செய்யவில்லை, செய்யும் உத்தேசமும் தற்போது இல்லை. வாசித்து முடித்ததும் மனம் தன் பாட்டில் கணக்குப் போட்டது. நாலடி எட்டரைக்கு ஏழு வீதம் என்றால் முப்பத்திமூன்று வர வேண்டும். இவர்களே முப்பத்திரண்டுதான் வைத்திருக்கிறார்கள். அதை இன்னொரு கடிதமாக எழுதும் நிலையில் நான் இல்லை.

மூன்று வருடமாக நாங்கள் எதிர்பார்த்த எஞ்சின் எந்த வருடமும் வரப்போவதில்லை என்பது அந்தக் கடிதத்தின் பொருள். அதை நான் உரக்கச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். உலகத்தில் உள்ள பாதைகளெல்லாம் இரண்டே அகலம் என்று முடிவு கட்டியது நான். அதன் மேல் ஏழு பெட்டிகளைக் கட்டவைத்ததும் நான்.

"அதுக்கென்ன," என்றார் காக்கா. "பெட்டிய மாத்திச் செஞ்சாப் போச்சு. எஞ்சின் வந்தாச்சு, அதுதானே பெருசு."

"மாத்தியா?" என்றான் அண்ணன்.

"சின்னதாச் செய்யணும், அவ்வளவுதானே. ஒனக்கு இப்பக் கை பழகிட்டு. ஒரு வருசத்துல முடிச்சிருவ."

"காக்கா, இந்தப் பெட்டியில நான் ஏறியிருக்கேன். இந்தப் பெஞ்சுல இருந்து கொல்லம் வரைக்கும் போயிருக்கேன். ஒங்க எஞ்சின நான் கண்ணாலயும் கண்டதில்ல."

"எஞ்சின் இல்லாம பெட்டி என்னத்துக்கு, நெல்லு அளக்கவா?"

"அது எஞ்சினா? மருந்துக்கடை சாமான் மாதிரி மினுங்குது."

காக்கா எஞ்சினைப் பெட்டிக்குள் வைத்து மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "அப்பம் ஒங்க பெட்டிய நீங்களே தள்ளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அண்ணன் ஏழு பெட்டிகளையும் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினான். அறுப்புக்கு இன்னும் நாள் கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு பரணைப் பார்த்தபடி நின்றதை மைனி கண்டிருக்கிறாள். "ஏ பிள்ளே, ஒங்கண்ணன் அத அறுத்துருவாரோன்னு இருக்கு எனக்கு," என்று என்னிடம் வந்து சொன்னாள். அந்த முறை அவள் கேலி செய்யவில்லை.

நான் நோட்டில் எழுதினேன். நம்மிடம் இருப்பவை: சரியான ஏழு பெட்டிகள். சரியான தண்டவாளம். நன்றாக ஓடும் ஓர் இயந்திரம், தவறான உடம்போடு. அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். எஞ்சினின் உடம்பு வேறு, அதை ஓட்டும் இயந்திரம் வேறு. உடம்பு தகரம். அண்ணன் தகரத்தில் கூரை போடுகிறவன்தான். ஆனால் பெரிய சக்கரங்கள் நம் எஞ்சினுக்குப் பொருந்துமா என்று தெரிய வேண்டும். பெட்டியைத்தான் நான் அளந்திருந்தேன், எஞ்சினை அளந்ததில்லை. இந்த முறை அளக்காமல் எதையும் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் திருவனந்தபுரம் போனேன். மெயில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது ஓட்டுநரிடம் கேட்டேன். மதுரைப் பக்கத்துக்காரர்.

"அளந்து என்னம்மா செய்யப் போறீங்க?"

"இதே மாதிரி ஒண்ணு செய்யப் போறோம்."

"எங்கே?"

"எங்க வீட்டுல. நெல்லு போடுத ரூம்புல."

அவர் என்னையும் என் கையில் இருந்த நாடாவையும் பார்த்தார். பிறகு கரி போடுபவரிடம் திரும்பி, "நாடாவோட அந்தத் தலைப்பைப் பிடிடா. அம்மா நம்ம தொழிலுக்குப் போட்டியா வர்றாங்க," என்றார். பத்து நிமிடம் கிடைத்தது. இருபத்திரண்டு அளவுகள் எடுத்தேன். முதலில் எடுத்தது பெரிய சக்கரத்தின் குறுக்களவு: நாலடி ஒன்பது அங்குலம். ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். மீட்டர் பாதை எஞ்சின்களுக்குப் பாதையைப் போலவே சக்கரமும் சிறிது. நமக்கு வேண்டிய சக்கரத்துக்கும் கம்பெனிக்காரன் சக்கரத்துக்கும் அரைக்கால் அங்குலம்தான் வித்தியாசம். மேலே தகட்டை இறக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

வழக்கமாக நான் பிரதி எடுப்பவள். அந்த எஞ்சின் படத்துக்கு மூலம் எதுவும் இல்லை. பக்கத்தோற்றம், முகப்பு, மேல்தோற்றம் மூன்றையும் பத்து நாளில் வரைந்தேன். அண்ணனிடம் காட்டாமல் முதலில் கோட்டாற்றுக்குக் கொண்டுபோய்க் காக்காவின் மேசையில் விரித்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். படத்தில் கம்பெனி எஞ்சினின் சக்கரங்களையும் இயந்திரத்தையும் சிவப்பு மையில் காட்டியிருந்தேன். அதன் மேல் கறுப்பு மையில் நம் எஞ்சின்.

"செகப்பு அப்படியே இருக்கும்," என்றேன். "மேல உள்ளத மட்டும் எடுக்கணும்."

"புது எஞ்சினுக்கத் தோல உரிக்கச் சொல்லுதியா?"

"ஆமா காக்கா."

"மூணு வருசம் காத்திருந்து வாங்கினதாக்கும்."

"நாம காத்திருந்தது அதுக்கு இல்ல. இதுக்கு." கறுப்புக் கோட்டைக் காட்டினேன்.

அவர் பழுதுக்கு வந்திருந்த ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து மூடியைத் திறந்தார். நான் படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காக்கா வந்தார். கக்கத்தில் எஞ்சின் பெட்டி, கையில் கடிகாரத் திருப்புளிகள் இருந்த சிறு பை. அண்ணன் தாவாரத்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். காக்கா அவனைக் கடந்து அறைக்குள் போய்த் துணியை விரித்து, எஞ்சினைக் குப்புற வைத்தார். சாவி கொடுத்து ஒருமுறை கையில் ஓடவிட்டு, ஓய்ந்த பிறகு திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். ஆறு திருகு. ஒவ்வொன்றையும் ஒரு வெற்றிலைச் செல்லத்தின் தனித்தனி அறையில் போட்டார். பச்சை உடம்பு கையோடு வந்தது. அதை என்னிடம் நீட்டினார். "பத்திரமா வை. கீறல் விழப்படாது."

அண்ணன் இழைப்புளியோடு வாசலில் நின்றான். "என்ன காக்கா செய்யுதீங்க?"

"பாத்தாத் தெரியல்லியா? இந்தா, ஒனக்க தங்கச்சி வரைஞ்சிருக்கா. தகரம் உண்டா வீட்டுல?"

அண்ணன் படத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்து, குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தான். பிறகு இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, மண்ணெண்ணெய்த் தகரம் எடுத்துவரப் பின்கட்டுக்குப் போனான். போகிற போக்கில் மைனியிடம் ஏணியைக் கேட்டான், பரணுக்குச் சாத்த.

கும்பப்பூ நெல் வீட்டுக்கு வர நாலு நாள் இருந்தபோது வேலை முடிந்தது. கொதிகலனை உருட்டுவதில் இரண்டு தகரம் வீணாயிற்று. புகைக்குழாய் சற்றுப் பின்னால் சாய்ந்துவிட்டது. என் படத்தில் அப்படி இல்லை. கறுப்புச் சாயம் அடித்து உலர்ந்ததும் ஏழு பெட்டிகளையும் மாட்டினோம். கூரையும் கூரையும் ஒரே மட்டத்தில் நின்றன. பக்கங்கள் ஒரே நேர்கோடு. நான் மட்டக்கோலை வைத்துப் பார்த்தேன்.

காக்கா சாவி கொடுத்துக் கையை எடுத்தார். எஞ்சின் நகரவில்லை. புதிய உடம்பின் கனமும் ஏழு பெட்டியின் கனமும் சாவி முறுக்கும் சுருள் வில்லுக்கு அதிகம். அண்ணன் கடைசிப் பெட்டியைக் கழற்றினான். ஒரு சாண் போய் நின்றது. இன்னொன்றைக் கழற்றினான். ஐந்து பெட்டியோடு அது அறையைச் சுற்றி வரத் தொடங்கியது. ஒன்றரைச் சுற்று வந்து, நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயத்தின் அருகே மெதுவாக நின்றது. திருவனந்தபுரத்து மெயில்தான் அது. தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. மைனியும் அப்படிப் பார்த்தாள்.

"ரெண்டு பெட்டி கூட்டத்துலேருந்து கழண்டு போச்சே," என்றாள் எழுந்தபடி. "அதுல இருக்கவங்க என்ன செய்வாங்க?"

"அடுத்த வண்டியில வரட்டு," என்றான் அண்ணன்.

காக்கா இன்னும் குனிந்திருந்தார். சாவித் துளைக்குள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நோட்ட எடு. அடுத்த வருசத்துக்கு எழுதிக்கோ. எஞ்சின் வேண்டாம். இதவிடப் பலமா ஒரு வில்லு கம்பெனிக்காரன் விடுதானான்னு பாக்கணும்."

பழைய பட்டியலின் மேல் கோடு போட்டுவிட்டு, புதிய பக்கத்தில் அதை எழுதினேன். நெல் வண்டிக்காரர் வாசலில் வந்து, நாளைக்கே மூட்டை இறக்கலாமா என்று கேட்டார். நாளை மறுநாள் இறக்கச் சொன்னோம்.